இரு அரசுகளும் ஒரு கோப்பும்: வளைகுடாவில் மின்னாளுகை, தமிழ்த் தொழிலாளர், தமிழ்மொழி

முன்னுரை

அரசு அலுவலகங்கள் தத்தம் அறைகளில் தனித்தனியே கோப்புகளை வைத்திருந்த காலம் மாறிவிட்டது. பல துறைகளும் ஒரே மின்கோப்பைத் திறந்து, அவரவர் பங்கை அதில் பதிந்து, அடுத்தவருக்கு நகர்த்தும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இக்கூட்டுப்பணிக் கருவிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. ஒரே மனிதரைப் பற்றிய கோப்பு இரண்டு இறையாண்மை அரசுகளுக்கு நடுவே இயங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு தெளிவான சான்று தருகிறது.

திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டில் நடத்திய தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்வோரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 22 லட்சம் என மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் தலா 4 லட்சம் என்ற அளவில் முன்னணியில் நின்றன. சவூதி அரேபியா அடுத்து வந்தது. இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் இக்கணக்கில் சேரார். இத்தனை பேரின் ஊதியம், விடுப்பு, நோய், இழப்பீடு, இறப்பு அனைத்தும் இன்று மின்கோப்புகளில் பதிவாகின்றன.

இக்கட்டுரை அக்கோப்பின் வரலாற்றை மூன்று கேள்விகளின் வழியே ஆராய்கிறது. கோப்பை எழுதுபவர் யார்? அதைப் படிக்க முடிந்தவர் யார்? அது எம்மொழியில் உள்ளது? அரசுகள் கோப்பைப் பகிர்ந்துகொண்டதால் தொழிலாளர் பெற்ற நன்மை உண்மையானது; ஆயினும் கோப்புக்குரியவரே அதைப் படிக்கும் நிலை வரும்வரை அப்பகிர்வு முழுமையடையாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

துண்டும் தகரச்சீட்டும்

தொழிலாளருடன் கடல் கடந்து சென்ற ஆவணம் தமிழருக்குப் புதியதன்று. இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு தாள் வழங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பிய தொழிலாளருக்கும் கங்காணிக்கும் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டியது. கடன் அப்படியே புதிய இடத்திற்கு மாறியது. கூலியாள் தம் கடனைத் தாமே சுமந்து சென்றார். அதன் கணக்கு ஆங்கிலத்தில் இருந்தது. நீண்ட கண்டனங்களுக்குப் பின் 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான தகரச்சீட்டு முறையும் இத்தகையதே. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த வில்லையை அணிந்தவர் தமிழகத்து முகாமிலிருந்து தோட்டம்வரை அனுப்பிவைக்கப்பட்டார். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. நிர்வாக நோக்கில் இவ்விரண்டும் திறமான கருவிகள்: இரு கரைகளிலும் இருந்த அலுவலர்கள் ஒரே குறியீட்டைக் கொண்டு ஒத்துழைக்க முடிந்தது. ஆனால் அந்த ஒத்துழைப்பில் தொழிலாளர் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை. இந்தியக் குடியேற்றச் சட்டம் 1922-இல் வந்தபோது அரசின் கடமைகளில் பாதுகாப்பு என்ற கருத்து வலுப்பெற்றது. எனினும் ஆவணத்தைப் படிக்கும் உரிமை அப்போதும் பேசப்படவில்லை.

சென்னையில் ஓர் ஒப்பந்தம், வளைகுடாவில் வேறொன்று

1973-இன் எண்ணெய் விலையேற்றத்தை அடுத்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் வணிகர்களுக்கு அரபுலகத் தொடர்பு பழமையானது. கீழக்கரை பி. எஸ். அப்துர் ரகுமான் துபாயில் பங்காளியாக நின்று வளர்த்த ஈ.டி.ஏ. நிறுவனம் தமிழகத்திலிருந்து ஏராளமானோரைப் பணிக்கு எடுத்தது. ஊர், உறவு, நட்பு ஆகிய வழிகளில் தொடங்கிய இப்பெயர்வு விரைவிலேயே முகவர்களின் தொழிலாக மாறியது. தமிழக அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அமைத்தது. இந்திய அரசு 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1983-இல் புதிய குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. இலங்கை 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவியது.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்த கல்வியுடையோர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். சென்னையில் உள்ள பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டி அனுமதி பெறுவது வழக்கமாயிற்று. இங்குதான் பின்னாளில் 'ஒப்பந்த மாற்று' என்று ஆய்வாளர்கள் குறித்த சிக்கல் தோன்றியது. சென்னையில் காட்டப்பட்ட தாளில் ஒரு தொகையும் ஒரு வேலையும் இருக்கும். வளைகுடா சென்று இறங்கியபின் அரபு மொழியில் அமைந்த வேறொரு தாளில் ஒப்பமிடச் சொல்வார்கள். அதில் ஊதியம் குறைந்திருக்கும், வேலையும் மாறியிருக்கும். சென்னை அலுவலருக்கு இரண்டாம் தாள் தெரியாது. வளைகுடா அலுவலருக்கு முதல் தாள் தெரியாது. இரண்டையும் கண்டவர் தொழிலாளர் ஒருவரே. அவருக்கோ இரண்டாம் தாளின் மொழி தெரியாது. பயணத்துக்குக் கடன் வாங்கி வந்தவர் ஒப்பமிட மறுத்துத் திரும்புவதும் இயலாத செயல்.

இவ்விடைவெளியை நிரப்பிய நிறுவனமே 'டைப்பிங் சென்டர்'. அமீரக அரசின் படிவங்கள் அரபியில் நிரப்பப்பட வேண்டியிருந்ததால், அரசு அலுவலகங்களின் அருகே தட்டச்சுக் கடைகள் பெருகின. இக்கடைகளில் மலையாளிகளும் பிற தெற்காசியரும் மிகுதியாகப் பணிபுரிந்தனர். விசா விண்ணப்பம், தொழிலாளர் அட்டை, குடும்பத்தை வரவழைக்கும் மனு, முறையீடு என அனைத்தும் அங்கே உருப்பெற்றன. தமிழ்த் தொழிலாளர் தம் குறையைத் தமிழும் மலையாளமும் கலந்த வாய்மொழியில் சொல்ல, அது அரபு வடிவம் பெற்று அலுவலகத்திற்குச் சென்றது. அரசுக்கும் குடிபெயர்ந்தோருக்கும் இடைநின்ற மொழிபெயர்ப்பு நிலையங்களாக இவற்றை வரலாற்றாசிரியர்கள் கருதவேண்டும். 'அக்காமா', 'பத்தாக்கா', 'கஃபீல்' போன்ற அரபுச் சொற்கள் வளைகுடாத் தமிழரின் அன்றாடப் பேச்சில் குடியேறியதற்கு அலுவலகங்களும் இக்கடைகளும் முக்கிய வாயில்களாயின.

இரு கரைகளில் எழுந்த கணினி முறைகள்

துபாய் அரசு 2001 அக்டோபரில் தன் மின்னரசு வலைவாசலைத் திறந்தது. அமீரக அடையாள ஆணையம் 2004-இல் அமைந்தது. அது வழங்கிய அடையாள அட்டை பின்னர் எல்லா அரசுச் சேவைகளுக்கும் திறவுகோலாயிற்று. 2018-இல் 'யுஏஇ பாஸ்' எனும் மின்னடையாளம் வந்தது. 2021 டிசம்பரில் துபாய் அரசு முற்றிலும் தாளற்ற நிர்வாகமாகிவிட்டதாக அறிவித்தது, 33.6 கோடிக்கும் மேற்பட்ட தாள்கள் மிச்சப்பட்டதாக அவ்வறிவிப்பு கூறியது.

தொழிலாளர் வரலாற்றைப் பொறுத்தவரை இவற்றினும் முதன்மையானது 2009-இல் அமீரகம் தொடங்கிய ஊதியப் பாதுகாப்பு முறை. நிறுவனம் தன் ஊதியப் பட்டியலை வங்கிக்கோ நாணய மாற்று நிலையத்திற்கோ மின்கோப்பாக அனுப்பும். மத்திய வங்கியின் அமைப்பு வழியாக அது செல்லும். யாருக்கு எத்தொகை எந்நாளில் சேர்ந்தது என்பதைத் தொழிலாளர் அமைச்சகம் பார்க்கும். ஊதியம் தவறினால் நிறுவனத்திற்குப் புதிய பணி அனுமதிகள் நிறுத்தப்படும். இதற்குமுன் ஊதியம் தரப்படவில்லை என்பதை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளர்மீது இருந்தது. அமைச்சகமும் மத்திய வங்கியும் பணப் பரிமாற்று நிலையங்களும் ஒரே தரவைப் பகிர்ந்ததும் அச்சுமை பெருமளவு நிறுவனத்தின் பக்கம் மாறியது. சவூதி அரேபியாவும் கத்தாரும் உள்ளிட்ட பிற வளைகுடா நாடுகளும் அடுத்த ஆண்டுகளில் இதனை ஒத்த முறைகளைக் கைக்கொண்டன.

இந்தியக் கரையில் 2004-இல் வெளிநாடுவாழ் இந்தியர் விவகார அமைச்சகம் உருவானது. 2016-இல் அது வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. அவ்வமைச்சகம் 2014-இல் தொடங்கிய 'இ-மைக்ரேட்' என்ற இணைய அமைப்பு, வெளிநாட்டு முதலாளி, இந்திய முகவர், குடியேற்றப் பாதுகாவலர், தூதரகம், காப்பீட்டு நிறுவனம், விமான நிலையக் குடிவரவு அலுவலர் ஆகியோரை ஒரே கோப்பில் கொண்டுவந்தது. 2015 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய 'மதத்' வலைவாசல் துணைத்தூதரகக் குறைகளுக்கானது. குடும்பத்தினர் ஊரிலிருந்தே மனுவைப் பதிவு செய்யலாம். அது உரிய தூதரகத்திற்குச் செல்லும். உரிய காலத்தில் தீர்க்கப்படாத மனு மேலதிகாரியின் பார்வைக்கு உயர்த்தப்படும். ஊராட்சித் தலைவரின் பரிந்துரைக் கடிதத்துடன் மாவட்ட ஆட்சியரைத் தேடி, அங்கிருந்து சென்னை, தில்லி என மனுவின் பின்னால் அலைந்த குடும்பங்களுக்கு ஒரு மனு எண் கிடைத்ததே பெரிய மாற்றமாகும்.

இறையாண்மையும் தமிழ் வடிவமும்

இரு கரைகளிலும் முறைகள் எழுந்தபின், அவற்றை இணைப்பதில் அரசியல் குறுக்கிட்டது. இந்தியாவும் அமீரகமும் 2006 டிசம்பரில் தொழிலாளர் பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கை செய்து, 2011-இல் அதனைத் திருத்தி, ஒப்பந்தங்களை மின்வழியில் பதிந்து சரிபார்க்கும் ஏற்பாட்டை வகுத்தன. எனினும் 2015 முதல் வெளிநாட்டு முதலாளிகள் இ-மைக்ரேட்டில் தம் விவரங்களைப் பதியவேண்டும் என்று இந்தியா வற்புறுத்தியபோது, தன் நாட்டு நிறுவனங்களைப் பிறிதோர் அரசு ஆய்வது இறையாண்மைக்கு ஏற்றதன்று என அமீரகத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. கூட்டுக்கோப்பில் யார் எதைப் பார்க்கலாம் என்பது தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினும் உண்மையில் ஆட்சியதிகாரக் கேள்வியே என்பதை அச்சிக்கல் காட்டிற்று. 2018 பிப்ரவரியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை, ஒருவர் மற்றவர் அலுவலகத்தை ஆய்வதற்கு மாறாக, இ-மைக்ரேட்டையும் அமீரகத்தின் மின்தளத்தையும் பிணைக்கும் வழியைத் தேர்ந்தது.

இதற்கிடையே, 2016 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டின் 764-ஆம் எண் அமைச்சக ஆணை ஒப்பந்த மாற்றுச் சிக்கலின் வேரைத் தொட்டது. பணிவாய்ப்புக் கடிதம் அரசின் நிலையான வடிவில் இருக்கவேண்டும். தொழிலாளர் தம் நாட்டிலேயே அதைப் படித்து ஒப்பமிடவேண்டும். அமீரகம் வந்தபின் பதிவாகும் ஒப்பந்தம் அதனின்றும் மாறுபடலாகாது. அக்கடிதம் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளர் அறிந்த மொழியிலும் தரப்படவேண்டும் என்ற விதி தமிழாய்வாளரின் தனிக்கவனத்துக்கு உரியது. அமைச்சகம் ஆயத்தம் செய்த 11 மொழிகள்: அரபு, ஆங்கிலம், வங்காளம், சீனம், தாரி, இந்தி, மலையாளம், நேபாளி, சிங்களம், தமிழ், உருது.

தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத ஓர் அரபு நாட்டின் அரசுப் படிவத்தில் தமிழ் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. பெருந்தொகையினராக வளைகுடா செல்லும் தெலுங்கரின் மொழி அப்பட்டியலில் இல்லை என்பதை நோக்க, அவ்விடத்தின் அருமை விளங்கும். சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் தமிழ் பெற்றுள்ள ஆட்சிமொழித் தகுதி குடிமக்களின் அரசியலால் விளைந்தது. வளைகுடாவில் தமிழுக்குக் கிடைத்த இடம் குடியுரிமையோ வாக்குரிமையோ இல்லாத தொழிலாளரின் தேவையால் விளைந்தது. இதனைத் தமிழ் ஆட்சிமொழி வரலாற்றின் ஒரு தனி இயலாகவே கொள்ளலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடும் அதனையொட்டி வந்த விசைப்பலகைத் தரப்பாடும், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் கணினித் தமிழ் பொதுப் பயன்பாட்டுக்கு வரத் துணைசெய்தன. தமிழ் எழுத்தைத் தாங்கும் ஆற்றல் கணினிக்கு இல்லை என்று எந்த அரசும் இனிச் சொல்ல இயலாது.

இருப்பினும் இரண்டு வரம்புகளைக் குறிப்பிடவேண்டும். முதலாவது, மொழிகளுக்கிடையே பொருள் வேறுபட்டால் அரபு வாசகமே சட்டப்படி செல்லும். ஆகவே தமிழ் வடிவம் அறிவிக்கும் ஆவணமாக நிற்கிறது. தீர்க்கும் ஆவணம் அரபியே. இரண்டாவது, எந்தத் தமிழ் என்ற வினா. தகுதிகாண் காலம், முன்னறிவிப்பு, பணிக்கொடை போன்ற சொற்கள் தமிழக அலுவல் வழக்கில் உள்ளவை; தொழிலாளரின் பேச்சிலோ பெரும்பாலும் அவற்றின் ஆங்கிலச் சொற்களே வழங்குகின்றன. மேலும், தமிழகத்தில் 'புகார்' எனப்படுவது இலங்கையில் 'முறைப்பாடு'. அங்கே 'ஊழியர் சேமலாப நிதி' என்பது இங்கே 'வருங்கால வைப்பு நிதி'. திருநெல்வேலியிலிருந்து வருபவரும் மட்டக்களப்பிலிருந்து வருபவரும் ஒரே தமிழ்ப் படிவத்தில் ஒப்பமிடுகின்றனர். இரு நாட்டு வழக்குகளையும் இணைத்த தொழிற்சட்டச் சொற்றொகுதி இங்கே உடனடித் தேவையாகிறது.

கத்தார் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2018-இல் கொழும்பிலும், 2019-இல் சென்னை உட்பட இந்திய நகரங்களிலும் விசா மையங்களைத் திறந்தது. மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, ஒப்பந்தத்தைத் தம் மொழியில் அறிந்து மின்னொப்பமிடல் ஆகியவை புறப்படுமுன்னரே ஓரிடத்தில் முடிகின்றன. வளைகுடா சென்றபின் மருத்துவத் தேர்வில் தவறிக் கடனோடு திரும்பிய அவலத்தை இது பெரிதும் தடுக்கவல்லது.

பெயரில் எழுந்த தடை

கூட்டுக்கோப்பு இயங்க ஒருவரின் பெயர் எல்லா அமைப்புகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தமிழ்ப் பெயர்மரபு இங்கே பெரும் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் கொண்டது தமிழ் வழக்கு. குடும்பப்பெயர் என்பது பெரும்பாலோருக்கு இல்லை. சாதிப் பெயரைப் பின்னொட்டாகச் சேர்ப்பதைக் கைவிட்ட சமூக வரலாறும் இதற்குப் பின்னணி. ஆகவே பல தமிழரின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும்.

2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா, வருகை விசாக்களில் அமீரகத்தில் நுழைய இயலாது என விமான நிறுவனங்கள் அறிவித்தன. அமீரகக் குடியிருப்பு அனுமதி உடையோர்க்கு விலக்கு இருந்தது. கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் அது ஏற்கப்படும் என்று விரைவிலேயே விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாள்களில் பயணம் குறித்த அச்சமும் குழப்பமும் தென்னிந்தியரிடையே பரவின. எந்த அலுவலரும் தமிழரை இழிவுபடுத்த எண்ணி இவ்விதியை வகுக்கவில்லை. பயணியரின் தரவை ஒப்பிடும் அமைப்பில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தமிழ் மரபில் ஒன்றே இருந்தது. படிவத்தின் வடிவமே ஒரு பண்பாட்டு முடிவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எழுத்துப்பெயர்ப்பும் இதனோடு சேர்ந்தது. தமிழ்ப் பெயர் முதலில் உரோமன் எழுத்துக்கும், அதிலிருந்து அரபுக்கும் மாறுகிறது. அரபியில் பகரத்தின் வல்லொலிக்குத் தனியெழுத்து இல்லை, ழகரம் இல்லை, குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பழனி என்ற பெயர் 'பலானி' எனும் ஒலியில், அதுவும் மெல்லிய பகரத்துடன் மீளும். கூட்டுக்கோப்பில் ஒரு பதிவு மற்றொன்றோடு பொருந்தாவிட்டால் பணம் நிற்கும், பயணம் நிற்கும், இழப்பீடும் நிற்கும். தமிழ்–அரபு நேரடி எழுத்துப்பெயர்ப்புக்கு ஏற்கப்பட்ட தரப்பாடு ஒன்றை உருவாக்குவது மொழியியலாளர் மேற்கொள்ளத்தக்க பணி.

நோயின் காலமும் இறப்பின் கோப்பும்

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று இக்கருவிகள் அனைத்தையும் ஒருசேரச் சோதித்தது. ஏப்ரல் இறுதியில் அமீரகத்தின் இந்தியத் தூதரகமும் துணைத்தூதரகமும் நாடு திரும்ப விரும்புவோருக்கு இணையப் பதிவைத் திறந்தன. சில நாள்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் பதிந்தனர். மே 7 அன்று அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் முதல் இரு விமானங்கள் கேரளத்திற்குப் புறப்பட்டன. துபாயிலிருந்து சென்னைக்கு வந்த முதல் விமானங்கள் மே 9 அதிகாலையில் தரையிறங்கின. தமிழக அரசும் தன் பங்குக்குத் திரும்புவோருக்கான பதிவுத்தளம் ஒன்றைத் திறந்தது. தூதரகத்தின் பட்டியல் ஒன்று, மாநிலத்தின் பட்டியல் ஒன்று, பயணச்சீட்டுக்கான பட்டியல் வேறொன்று. வேலையிழந்தவரும் கருவுற்றோரும் முதியோரும் ஒவ்வொன்றிலும் தம் நிலையைத் தனித்தனியே எழுதவேண்டியிருந்தது. வரிசை எவ்வாறு முடிவாகிறது என்பது காத்திருப்போருக்குத் தெரியவில்லை. விரைந்து பதிவுபெறுவது எளிதாயிற்று. பதிவுகளை ஒன்றாக்கிப் பதில் சொல்வது அரிதாயிற்று.

ஊருக்கு உயிரோடு திரும்புதல் பற்றியது இது. உயிரற்றுத் திரும்புவோரின் கோப்பு இதனினும் சிக்கலானது. வளைகுடாவில் ஒருவர் இறந்தால் மருத்துவமனை, காவல்துறை, இறப்புப் பதிவு, பதப்படுத்தும் நிலையம், தொழிலாளர் அமைச்சகம், தூதரகம், விமான நிறுவனம், இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அலுவலகம் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்துச் சான்றளிக்க வேண்டும். ஊரிலுள்ள குடும்பம் ஒப்புதல் கடிதம் அனுப்பவேண்டும். கடவுச்சீட்டு நீக்கப்படவேண்டும். ஒரு தாள் தாமதித்தால் உடல் பிணவறையில் காத்திருக்கும். 2009-இல் இந்தியத் தூதரகங்களில் அமைந்த சமூக நல நிதி வசதியற்றோரின் உடலை அனுப்பும் செலவை ஏற்கிறது. 2023 ஆகஸ்டில் இந்திய அரசின் சுகாதாரத் துறை தொடங்கிய 'இ-கேர்' தளம், உடல் வந்திறங்குவதற்கான அனுமதியை மின்வழியில் வழங்கி, தூதரகம், விமான நிறுவனம், விமான நிலையச் சுகாதார அலுவலகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் இணைத்தது. கூட்டுப்பணிக் கருவி என்ற வறண்ட சொல்லின் மனிதப் பொருளை இக்கோப்பு உணர்த்தும். ஒரு தாய் தன் மகனின் முகத்தை எத்தனை நாள் கழித்துக் காண்பாள் என்பதை அலுவலகங்களின் ஒத்துழைப்பு முடிவு செய்கிறது.

விடுபட்டோர்

எந்தக் கோப்பும் அதில் பதிவானவரையே காக்கும். பத்தாம் வகுப்புத் தேறியவரின் கடவுச்சீட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பதால் அவர் இ-மைக்ரேட்டில் இடம்பெறாமலே செல்லலாம். வருகை விசாவில் சென்று, அங்கேயே வேலை தேடி, பின்னர் விசாவை மாற்றிக்கொள்வோரும் புறப்படும் கரையின் கோப்பில் இல்லை. தமிழகத்தில் கல்வி பரவியதன் விளைவாக, பாதுகாப்பு வளையத்திற்கு வெளியே செல்வோரும் பெருகினர் என்பது இக்கொள்கையின் முரண். வீட்டுப் பணிப்பெண்களின் பணியிடம் தனிமனிதரின் இல்லம் ஆதலால், அவர்களைப் பற்றிய பதிவு தாளில் நிறைந்தும் கண்காணிப்பில் மெலிந்தும் காணப்படுகிறது. இலங்கையின் கிழக்கு மாகாணத்துத் தமிழ் பேசும் பெண்கள் பலர் இவ்வகையினர்.

இடைத்தரகரும் மறைந்துவிடவில்லை. 'தஸ்ஹீல்' எனும் அரசு அங்கீகாரம் பெற்ற சேவை மையங்கள் பழைய தட்டச்சுக் கடைகளின் இடத்தைப் பெரிதும் பிடித்தன. கைப்பேசிச் செயலிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன. ஆயினும் செயலியின் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் சில வேளைகளில் நிறுவனத்தின் அலுவலரோ, அறைத்தோழரோ ஆகிறார். அமீரகம் 2024-இல் அறிமுகம் செய்த ஒருங்கிணைந்த பணிச்சேவைத் தொகுப்பு, 15 படிகளை 5 ஆகவும், 30 வேலைநாள்களை 5 ஆகவும் குறைப்பதாக அறிவித்தது. இச்சுருக்கம் நிறுவனத்திற்கு நேரடிப் பயன். படிகள் குறையும்போது தொழிலாளர் நின்று கேட்க வாய்ப்பளித்த இடங்களும் குறைகின்றனவா என்பது ஆய்வுக்குரியது.

முடிவுரை

துண்டு முதல் இ-மைக்ரேட் வரையிலான வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். அலுவலகங்களின் ஒத்துழைப்பு தன்னளவில் தொழிலாளருக்கு நன்மையோ தீமையோ அன்று. துண்டு முறையிலும் தோட்டங்கள் செவ்வனே ஒத்துழைத்தன. ஊதியப் பாதுகாப்பு முறையிலும் வங்கிகளும் அமைச்சகமும் ஒத்துழைக்கின்றன. முன்னது கடனைப் பதிந்து தொழிலாளரைக் கட்டியது. பின்னது ஊதியத்தைப் பதிந்து முதலாளியைக் கட்டுகிறது. கோப்பில் யாருடைய கடமை எழுதப்படுகிறது என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

அவ்வகையில், 2016-இன் பணிவாய்ப்புக் கடிதம் இவ்வரலாற்றின் திருப்புமுனை. தன் கோப்பைத் தன் மொழியில், தன் நாட்டில், கடன் வாங்குமுன் படிக்கும் வாய்ப்பு அதனால் தமிழ்த் தொழிலாளருக்குக் கிட்டியது. அவ்வாய்ப்பு கடிதத்தோடு நின்றுவிடாமல் ஊதியப் பதிவு, முறையீட்டின் நிலை, தீர்ப்பு, இழப்பீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கும் நீளவேண்டும். ஆசிய நாடுகளும் வளைகுடா நாடுகளும் 2008 முதல் கூடிவரும் அபுதாபி உரையாடல் இதற்குரிய அரசியல் மேடை. தமிழக அரசின் வெளிநாடுவாழ் தமிழர் நல ஆணையரகமும், இலங்கையின் வேலைவாய்ப்புப் பணியகமும் அம்மேடைக்குக் கொண்டுசெல்லத்தக்க தமிழ்ச் சொற்றொகுதியையும், பெயர் எழுதும் தரப்பாட்டையும், ஒற்றைப் பெயருக்கு இடந்தரும் படிவ வடிவத்தையும் வகுத்துத் தருவது தமிழாய்வுலகின் கடமை. 1921-இல் ஒழிந்த துண்டைத் தமிழில் எழுதித் தருமாறு எவரும் கேட்கவில்லை. இன்றைய மின்கோப்பைத் தமிழில் கேட்பதற்கு வேண்டிய எழுத்துருவும் சொல்வளமும் முன்மாதிரியும் உள்ளன.